கிராணி கொக்கி

எங்கள் தோட்டத்தில் பெட்டி கட்டத் தெரிந்தவர்கள் யாரும் கிடையாது. முடிச்சுப் போடத் தெரிந்தவர்கள்தான் உண்டு. இரண்டும் ஒன்றுதான் என்று இந்த மலையில் முக்கால்வாசிப் பேர் நம்புகிறார்கள். நாற்பது வருஷம் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக உட்கார்ந்து, தேயிலை மாதிரிப் பொட்டலம் முதல் பழைய செக்ரோல் பேர்ப்பதிவுக் கட்டு வரை கட்டி அனுப்பியவன் நான். இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இல்லை என்றுதான் போன வருஷம்வரை நினைத்திருந்தேன்.

கீழே கிள்ளான் நகரத்தில் இருக்கும் மகனுக்கு நாலு முட்டைக்கோசும் கொஞ்சம் சோளமும் அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மீ நூடுல்ஸ் பாக்கெட்டுகள் வந்த காலி அட்டைப் பெட்டி ஒன்றை எடுப்பார்கள். ஒருவர் முழங்காலால் அதை அமுக்குவார். இன்னொருவர் ரோஸ் நிற ராஃபியா கயிற்றைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றுவார். கயிறு கயிற்றைச் சந்திக்கிற இடமெல்லாம் ஒரு முடிச்சு, அந்த முடிச்சின்மேல் நம்பிக்கையில்லாமல் இன்னொன்று, கடைசியில் பல்லால் கடித்து இழுத்து ஒன்று. பக்கத்து வீட்டிலிருந்து போன ஒரு பெட்டியில் பதினொரு முடிச்சு எண்ணியிருக்கிறேன். உள்ளே இருந்தது வெண்டைக்காய் வற்றல். அந்தப் பக்கம் பெட்டியை வாங்குகிறவன் முடிச்சைப் பார்த்துக்கூட இருக்கமாட்டான். கத்தியால் ஒரே வெட்டு. கயிறு குப்பைக்குப் போகும். கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் முட்டைக்கோசும் குப்பைக்குப் போகும்.

இதற்கு மாற்று ஒன்று உண்டு என்பதை நான் ஆபீசில் சேர்ந்த புதிதிலேயே கண்டுகொண்டேன். தொழிற்சாலைக்கு ஒரு இயந்திர உதிரிப்பாகம் கப்பலில் வந்திருந்தது. அந்தப் பெட்டியைச் சுற்றியிருந்த சணல் கயிற்றில் ஒரு முடிச்சுக்கூட இல்லை. நடுவில் வளைந்த கம்பி ஒன்று மட்டும் இருந்தது. ஒரு சாணுக்கும் குறைவான ஒற்றைக் கம்பி. ஒரு முனை பன்றிவால் மாதிரி சுருண்டிருக்கும், மறுமுனை கொக்கியாக வளைந்திருக்கும். கயிற்றின் ஒரு தலைப்பைச் சுருளுக்குள் திருகிவிட்டால் அது அங்கேயே பிடித்துக்கொள்ளும். மற்ற தலைப்பைப் பெட்டியைச் சுற்றிக் கொண்டுவந்து, கொக்கியில் மாட்டி இழுத்து, கம்பியின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, கடைசிச் சுற்றைக் கயிற்றுக்கு அடியிலேயே செருகிவிட வேண்டும். அவ்வளவுதான். கயிறு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு பிடிப்பு. திறக்க வேண்டுமென்றால் செருகியதை ஒரு இழுப்பு. கயிறு முழுசாகக் கையில் வரும்.

அந்தக் கம்பியை நான் தூக்கிப் போடவில்லை. வேலையை விட்டு ஓய்வுபெற்ற பிறகு, அதைப் பார்த்து, தொழிற்சாலையில் மிஞ்சிய கட்டுக்கம்பியை இடுக்கியால் வளைத்து, முப்பத்தாறு செய்தேன். பிஸ்கட் டின்னில் போட்டு, ஒவ்வொன்றையும் செய்த நாளை ஒரு நோட்டில் எழுதினேன். தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தேன். வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அதில் கரண்டி மாட்டியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் கோழிக்கூண்டுக் கதவுக்குப் போட்டிருந்தார்கள். பெட்டிக்கு மட்டும் ஒருவரும் போடவில்லை. பெயர் மட்டும் வைத்துவிட்டார்கள்: கிராணி கொக்கி. பெயர் வைப்பதில் எங்கள் ஆட்கள் சுறுசுறுப்பானவர்கள்.

எனக்குப் படிக்கிற பழக்கம் உண்டு. கடல் கடந்த மலைநாட்டில் பழைய காலத்து ஜனங்கள் எழுத்தே இல்லாமல், கயிற்றில் முடிச்சுப் போட்டே கணக்கும் செய்தியும் வைத்திருந்தார்கள் என்று ஒரு சரித்திரப் புத்தகத்தில் படித்தேன். அதை என் மனைவியிடம் சொல்லி, நம்ம ஆட்களும் அந்த ரகம்தான், எழுதத் தெரியாததால் முடிச்சுப் போடுகிறார்கள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தோட்டத்தின் டீக்கடையில், சுற்றுப்பயணிகள் மலையைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கிற இடத்தில், அவளுக்குச் சமையலறை வேலை. நாங்கள் இருக்கும் வீடும் அவள் வேலைக்காகக் கொடுத்ததுதான். கேக் தட்டுகளைக் கழுவிவிட்டு வந்து கால் நீட்டி உட்கார்ந்திருப்பவளுக்குச் சரித்திரம் ருசிக்காது என்று அப்போது நினைத்தேன்.

பெட்டிகள் மலையிறங்குவது தேயிலை லாரியில். செவ்வாயும் வெள்ளியும் காலை ஆறு மணிக்கு லாரி தொழிற்சாலை வாசலை விட்டுக் கிளம்பும். ரிங்லெட் தாண்டி, தாப்பா இறங்கி, கிள்ளான் பக்கத்துக் கிடங்குக்குப் போகும். டிரைவர் பக்கத்து ஸீட்டில் நாலைந்து வீட்டுப் பெட்டிகள் உட்கார்ந்து போவது எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். தோட்ட மேனேஜர்களாக வந்த துரைகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், வழக்கம் மாறவில்லை. கிடங்கு வாசலில் பிள்ளைகள் வந்து வாங்கிக்கொள்வார்கள். வாங்கியவுடன் போன் வரும். மேலேயிருந்து முதல் கேள்வி, “முடிச்செல்லாம் அப்படியே இருந்துச்சா?” என்பதாக இருக்கும். நலம் விசாரிப்பது அதற்குப் பிறகுதான். இந்தக் கேள்வியை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். நூறு தடவையும் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

அப்போதிருந்த டிரைவருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். தற்காலிக வேலை. மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு ரிங்லெட்டில் ஒரு காய்கறித் தோட்டத்தின் தகரக் கொட்டகையில் ஒற்றை அறை. மழை பெய்தால் பிள்ளைகளைக் கட்டிலுக்கு மேல் ஏற்றிவிட்டுத் தண்ணீர் வாருவார்களாம். மாதக் கடைசியில் அவரை நிரந்தரமாக்குவதாகத் துரை சொல்லியிருந்தார். நிரந்தரமானால் தோட்டத்தில் வீடு உண்டு. எங்கள் வீட்டுக்குக் கீழே மூன்றாவது கதவு, சுண்ணாம்பு அடித்துக் காலியாகக் கிடந்தது. அவருடைய மனைவி ஒருநாள் வந்து ஜன்னல்களுக்குத் திரைத்துணி அளந்துகொண்டு போனதாக என் மனைவி சொன்னாள்.

இனி என் அக்காவின் விஷயம். கிள்ளானில் இருக்கிறாள். அங்கே வெயிலில் தார்ச்சாலை இளகும். எங்கள் அம்மாவின் திதிக்கு வந்தவள், போகிறபோது அம்மாவின் கம்பளிச் சட்டையைக் கேட்டாள். சாம்பல் நிறம், முழங்கையில் ஒட்டு, இரண்டாவது பொத்தான் மட்டும் சிவப்பு. கொழுந்தெடுக்கிற காலத்தில் அம்மா அதைத்தான் போட்டுக்கொண்டு மலையேறுவாள். கிள்ளானில் அதைப் போட்டால் வேர்த்தே செத்துப்போகலாம். ஆனால் அக்காவுக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம். கண்ணாடி அலமாரியில் வைத்து, வருகிறவர்களிடம் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். அம்மா படுக்கையில் கிடந்த ஆறு வருஷத்தில் அவள் எத்தனை நாள் இங்கே தங்கினாள் என்பதற்கு என் டைரியில் பதிவு இருக்கிறது. எண்ணுவதற்கு இரு கை விரலே அதிகம்.

இவ்வளவு தெரிந்தும் நான், சரிக்கா, லாரியில் அனுப்புகிறேன் என்று சொன்னேன். அந்த ஆறு வருஷம் அம்மாவைக் குளிப்பாட்டி, சோறூட்டி, அம்மா போன பிறகு அந்தச் சட்டையை விடியற்காலைக் குளிருக்குப் போட்டுக்கொண்டிருந்தவள் என் மனைவி. அவளை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவுமில்லை.

வியாழக்கிழமை மாலை பெட்டியை நானே கட்டினேன். உள்ளே வைத்த சாமான்களின் பட்டியலை இரண்டு பிரதி எழுதினேன். ஒன்று பெட்டிக்குள், ஒன்று என் நோட்டில். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்று, இரண்டாம் பொத்தான் சிவப்பு. வெந்தயம் ஒரு பொட்டலம். அக்கா கேட்ட பழைய குடும்பப் படம் ஒன்று, மேல் மூலையில் கறை. கொக்கியைப் போட்டு இழுத்துச் செருகி, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். முடிச்சு ஒன்றுகூட இல்லை பார், குழந்தைகூடத் திறந்து மூடலாம் என்றேன். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள். ஏழு பத்துக்குக் குளிக்கப் போனேன். ஏழு முப்பத்தைந்துக்கு வந்து டைரி எழுதினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை வாசலில் பெட்டியைக் கொடுத்தபோது டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கொக்கியின் பெருமையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா நீங்க முடிச்சு போட்டே குடுத்துருங்க லா. முடிச்சுன்னா எவனும் தொட்டா தெரியும். இது தொட்டாலும் தெரியாது, தொடாட்டியும் தெரியாது.”

பக்கத்தில் நின்ற இரண்டு ஆட்கள் தலையாட்டினார்கள். எனக்குக் கோபம் வந்தது. முடிச்சைப் பார்த்துத்தான் ஒருவனை நம்ப வேண்டுமென்றால், அந்த நம்பிக்கை எதற்கு என்று ஒரு பிரசங்கம் செய்தேன். லாரிக்கு நேரமாகிறது என்று அவர் பெட்டியை ஸீட்டில் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஆறு எட்டுக்கு.

சனிக்கிழமை மதியம் அக்கா போன் செய்தாள். பெட்டியில் சட்டை இல்லை. சட்டை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பாக்கெட் தேயிலைத் தூள் இருக்கிறது என்று படமெடுத்து அனுப்பினாள். எங்கள் தோட்டத்துத் தூள்தான்.

“அம்மாவோட ஒரே ஒரு பொருள் கேட்டேன்டா. அதைக்கூட ஒழுங்கா அனுப்பத் தெரியலையே உனக்கு. கட்டுனதாவது ஒழுங்கா கட்டுனியா?”

கட்டுனதாவது ஒழுங்கா என்ற வார்த்தைதான் என்னைக் குத்தியது. சட்டை போனது அல்ல. நான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். வியாழன் ஏழு மணிக்குச் சட்டை பெட்டியில் இருந்தது, பட்டியல் சாட்சி. தேயிலைத் தூள் பட்டியலில் இல்லை, ஆகவே பிறகு வைக்கப்பட்டது. வெள்ளி காலை ஆறிலிருந்து பெட்டி டிரைவர் கையில். டிரைவர் ஓட்டுவது தேயிலை லாரி. எடுத்த இடம் காலியாகத் தெரியாமலிருக்கக் கையில் இருந்ததை வைத்து நிரப்பியிருக்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, முடிச்சுப் போடச் சொல்லி அவனே முந்திக்கொண்டு பேசியது. குற்றமுள்ள மனசு! இதைவிடக் கச்சிதமான நிரூபணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. தேயிலைத் தூள் இந்தத் தோட்டத்தில் இல்லாத வீடு எது என்று ஒரு கேள்வி இருந்தது. அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. ரிங்லெட்டின் தகரக் கொட்டகையில் இருக்கிறவன் மனைவிக்குக் கம்பளிச் சட்டை வேண்டியிருக்கும் என்று அதற்குப் பதில் ஒரு வரி எழுதினேன். அந்த வரியை இன்று நினைத்தால் நாக்கில் கசப்பு வருகிறது.

மனைவியிடம் சொல்லவில்லை. அவளிடம் சொன்னால் டீக்கடைச் சமையலறை வழியாகத் தோட்டம் முழுக்கப் போய்விடும், விசாரணை கெட்டுவிடும் என்று நினைத்தேன். விசாரணை என்ற சொல்லை அப்போது நான் கூச்சமில்லாமல் உபயோகித்தேன். திங்கட்கிழமை மூன்று பக்கம் டைப் அடித்து, நேரம், இடம், பட்டியல் எல்லாம் போட்டு, ஒரு நூலைச் சுற்றி, சின்னக் கொக்கி ஒன்றும் போட்டு, துரையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். துரை சின்ன வயது மலாய்க்காரர். என்னை மரியாதையாக உட்காரவைத்தார். மூன்று பக்கத்தையும் படித்தார். பெரிய கிராணி எழுதியது தப்பாக இருக்காது என்றார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் தேநீர் கொடுக்கும்போது என் மனைவி சொன்னாள், அந்த டிரைவர் தம்பியை நிரந்தரமாக்கவில்லையாம், மாதத்தோடு நிறுத்தப்போகிறார்களாம், கம்போங் ராஜாவிலிருந்து வேறு ஆள் வருகிறாராம், பாவம் என்று. காரணம் இருக்கும் என்றேன். என்ன காரணம் என்று கேட்டாள். துரைக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, வெளியே வெப்பமானியைப் பார்க்கப் போனேன். பதினைந்து டிகிரி, லேசான தூறல். டைரியில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. மூடுபனியில் எதிர்வீடு தெரியவில்லை. டிரைவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு படிக்குக் கீழேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமைதான் துரை அவரிடம் காரணத்தைச் சொல்லியிருக்கிறார்.

“ஐயா, நான் பெட்டிய தொடல. எம் புள்ளைங்க மேல சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணுவேன், ஆனா அதெல்லாம் நீங்க நம்பமாட்டீங்க. எழுத்துல இருந்தாத்தான் நம்புவீங்க. அப்படி என்னதான் எழுதியிருக்கீங்க, எனக்குப் படிச்சுக் காட்டுங்க. எம் பொழப்பு போன காரணம் எனக்குத் தெரியணும்ல.”

நியாயமான கோரிக்கைதான். நான் உள்ளே போய் நோட்டையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துவந்தேன். கோர்ட் குமாஸ்தா மாதிரி படியில் நின்று பட்டியலைப் படித்தேன். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை ஒன்று, முழங்கையில் ஒட்டு, இரண்டாம் பொத்தான் சிவப்பு. படித்துக்கொண்டிருக்கும்போதே என் மனைவி இரண்டு கிளாஸ் தேநீரோடு வெளியே வந்தாள். அவள் ஒரு கிளாஸை டிரைவரிடம் நீட்டினாள். அவர் வாங்கினார். குடிக்கவில்லை. அவள் நெஞ்சுக்கு நேராக எங்கோ பார்த்தவர் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

“ஐயா, இன்னொருக்கா படிங்க.”

நான் இன்னொரு தரம் படித்தேன். இந்தத் தடவை இன்னும் நிறுத்தி நிதானமாக, அவருக்குப் புரியவில்லை என்று நினைத்து. இரண்டாம் பொத்தான் சிவப்பு என்று சொல்லி முடித்தேன்.

“அக்கா, கொஞ்சம் விளக்கு வெளிச்சத்துக்கு வாங்க.”

“ஏன் தம்பி, என்னா?” என்று கேட்டுக்கொண்டே அவள் வாசல் விளக்கின் கீழே வந்து நின்றாள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. முழங்கையில் ஒட்டு. இரண்டாவது பொத்தான் சிவப்பு.

ஒளித்துவைத்திருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு வரவில்லை அவள். ஒளித்துவைக்கவே இல்லை. பெட்டி போன மறுநாளிலிருந்து அன்றுவரை பதினாறு காலைகள். ஒவ்வொரு காலையும் ஐந்து மணிக்கு எழுந்து அதைப் போட்டுக்கொண்டுதான் அடுப்பைப் பற்றவைத்தாள், அதைப் போட்டுக்கொண்டுதான் எனக்குத் தேநீர் கொடுத்தாள், டிரைவரை நிறுத்தப்போகிறார்கள் பாவம் என்று அதைப் போட்டுக்கொண்டுதான் சொன்னாள். ஏழரைக்குக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். அந்தப் பதினாறு காலைகளின் வெப்பமும் மழையும் என் டைரியில் இருக்கின்றன. லாரி கிளம்பிய நேரம் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சேவல் கூவாத ஒரு நாளைக்கூடக் குறித்திருக்கிறேன். எதிரே தேநீரோடு நின்றவள் என்ன போட்டிருந்தாள் என்பது மட்டும் இல்லை.

டிரைவர் சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அவள் கடைசிவரை கேட்டாள். வியாழக்கிழமை நான் குளிக்கப் போன நேரத்தில் செருகலை இழுத்து, சட்டையை எடுத்து, வெறுமையாக அனுப்பக் கூடாதென்று இரண்டு பாக்கெட் தூளை வைத்து, மறுபடி செருகியிருக்கிறாள். சட்டை இல்லையென்றால் நாத்தனாருக்கே காரணம் புரியும், வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவாள் என்று நினைத்தாளாம். என் அக்காவைப் பற்றி இவ்வளவு உயர்வாக நினைத்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் லட்சணம் எனக்கே தெரிந்தது.

“லிஸ்ட் எழுதிட்டீங்க. எழுதுனதுக்கு அப்புறம் உங்ககிட்ட என்னா சொல்றது? கொழந்தகூடத் தொறந்து மூடலாம்னீங்க. தொறந்தேன், மூடுனேன். போட்டுக்கிட்டு உங்க முன்னாலதான நடந்தேன்? கண்ணு இருந்தா பாத்துருப்பீங்க.”

பிறகு டிரைவரைப் பார்த்து, “நாளைக்கு நான் ஆபீசுக்கு வர்றேன் தம்பி. இவரும் வருவாரு,” என்றாள். அவர் தேநீரைக் குடிக்காமலே படியில் வைத்துவிட்டுப் போனார். அதைக் குடிக்காதது சரிதான்.

அன்று மாலை மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் பத்தியிலேயே, சந்தர்ப்பச் சாட்சியங்களின் இயல்பு பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். அவள் தாளை உருவிக் கசக்கி அடுப்பில் போட்டாள். வாய் இருக்கிறதல்லவா, வாயால் சொல்லுங்கள் என்றாள்.

திங்கட்கிழமை ஏழரைக்குத் துரையின் மேசைக்கு முன்னால் நின்றோம். டிரைவர் கதவோரம் நின்றார். என் மனைவி அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டே வந்திருந்தாள். அவளுக்கு மலாய் என்னைவிட நன்றாக வரும், சமையலறையில் பழகியது. இதுதான் திருட்டுப் போன பொருள், திருடி நான்தான், என் வீட்டிலிருந்து என் மாமியார் சட்டையை எடுத்தேன், போலீசைக் கூப்பிட வேண்டுமென்றால் கூப்பிடுங்கள் என்று அவள் சொன்னதைத் துரை முதலில் புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார். பிறகு கதவோரம் நின்றவரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்.

கம்போங் ராஜா ஆளிடம் பேசி முடித்தாகிவிட்டது, நாளை வந்து கையெழுத்துப் போடுகிறார் என்றார். துரை மேசையில் கிடந்த என் கடிதத்தை எடுத்தார். கொக்கியை எப்படிக் கழற்றுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் திண்டாடினார். நான் கை நீட்டி ஒரு இழுப்பில் கழற்றிக் கொடுத்தேன். அந்த அறையில் அன்று நான் செய்த ஒரே உபயோகமான காரியம் அது. இதில் எந்த வரி உண்மை என்று என்னைக் கேட்டார். நேரங்களெல்லாம் உண்மை என்றேன். மற்றது? மற்றது தவறு என்றேன். சத்தமாகச் சொல்லச் சொன்னார், கதவோரம் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமாம். சொன்னேன்.

அது போதாது என்று ஒரு பேனாவை நீட்டினார். மூன்று பக்கத்திலும் அடியில், இது தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். முதல் பக்கத்தில் போட்டுவிட்டுப் பேனாவை எடுத்தபோது, “தேதியும் போடுங்கள், நீங்கள் தேதி பார்க்கிறவராயிற்றே,” என்றார். போட்டேன். மூன்று பக்கம், மூன்று தவறு, மூன்று தேதி. வாழ்நாளில் நான் போட்ட தேதிகளில் அந்த மூன்றை மட்டும் என் டைரியில் நகல் எடுக்கவில்லை. துரை அங்கேயே போனை எடுத்துக் கம்போங் ராஜா ஆளிடம் வர வேண்டாம் என்று சொன்னார். அந்த ஆளுக்கு அன்றைக்கு என்மேல் எவ்வளவு கோபம் வந்திருக்கும் என்பது தெரியாது. வந்திருந்தால் நியாயம்.

மாதம் முடிந்து டிரைவர் குடும்பம் எங்களுக்குக் கீழே மூன்றாவது கதவில் குடிவந்தது. ஜன்னல்களில் அந்தத் திரைத்துணி தொங்குகிறது. அவருடைய மனைவி என் மனைவியிடம் பேசுவார். அவர் என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். அவ்வளவோடு சரி.

அக்காவுக்குக் குடும்பப் படத்தின் இன்னொரு பிரதி வேண்டுமாம், பழையதைக் கண்ணாடிச் சட்டம் போடுகிறவன் கெடுத்துவிட்டானாம். சட்டையைப் பற்றி அவள் பேச்செடுக்கும்போதெல்லாம் நான் போனை மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். உடனே பேச்சு நின்றுவிடுகிறது. எங்களிடம் மிஞ்சியிருந்த படத்தைப் பிரதி எடுத்து, அட்டைப் பெட்டியில் வைத்து, பழக்கதோஷத்தில் கொக்கி போட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை தொழிற்சாலை வாசலுக்குக் கொண்டுபோனேன். பெட்டி கொண்டுவந்த ஐந்தாறு பேர் எனக்கு முன்னால் நின்றார்கள். எல்லார் பெட்டியிலும் ரோஸ் நிற முடிச்சு, ஒன்றின்மேல் ஒன்றாக. ஒவ்வொரு வீட்டு முடிச்சும் ஒவ்வொரு விதம் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். இடது கைக்காரர் முடிச்சு ஒரு மாதிரி, கோவில் பூக்காரம்மாவின் முடிச்சு வேறு மாதிரி. கையெழுத்து மாதிரிதான். முடிச்சுப் போட்டே செய்தி வைத்த ஜனங்களைப் பற்றிப் படித்துவிட்டுச் சிரித்தவன் நான்.

என் முறை வந்தது. டிரைவர் பெட்டியை வாங்கி லாரியின் படியில் வைத்தார். ஒரே இழுப்பில் கயிற்றை உருவினார். கொக்கியைத் தனியாக எடுத்து, துடைத்து, என் சட்டைப் பையில் போட்டார். ஸீட்டுக்கு அடியிலிருந்து ராஃபியா சுருளை எடுத்து, என்னைப் பெட்டியின் மேல் விரலை வைத்துக்கொள்ளச் சொன்னார். நான் வைத்துக்கொண்டேன். என் விரலைச் சேர்த்துக் கட்டிவிடுவது போலச் சுற்றி, விரலை எடுக்கச் சொல்லி, நாலு மூலையிலும் இரண்டிரண்டு முடிச்சுப் போட்டார். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தார். அவசரமே படவில்லை. மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இனிமே எவன் தொட்டாலும் தெரியும் ஐயா,” என்றார். “வீட்டு ஆளு தொட்டாலும் தெரியும்.”

லாரி ஆறு ஐந்துக்குக் கிளம்பியது. மதியம் அக்கா போன் செய்து, பெட்டி வந்துவிட்டது, கத்தியால் வெட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது, யார் இப்படிக் காட்டுமிராண்டித்தனமாகக் கட்டியது என்று கேட்டாள். அதை விடு, வெட்டுவதற்கு முன்னால் முடிச்செல்லாம் அப்படியே இருந்துச்சா என்று கேட்டேன்.